அக்காவை அதட்டாதே

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காது குத்திய செய்தி படித்து ரொம்ப சந்தோஷம். ஆனால் அக்காவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதுதான் மனசிலேயே நிற்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து டாக்டரும் நல்லபடியாகச் சொல்லிவிட்டார். அப்புறமும் காய்கறியை ஒதுக்கிவிட்டு டீயும் பன்னுமாகப் பொழுதை ஓட்டுகிறார், அவ்வளவு அலட்சியம் என்கிறாய். எனக்கு அது அலட்சியமாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இவரும் அப்படித்தான் இருந்தார். குடல் புற்றுநோய் சிகிச்சை முடிந்ததும் டயட்டீஷியன் கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். காய், பழம், பருப்பு, சிறுதானியம் சேர்க்கணும், இனிப்பைக் குறைக்கணும், அவ்வளவுதான். இவரோ பகலில் தட்டைத் தள்ளிவிடுவார். ராத்திரி பதினோரு மணிக்கு, விளக்குகூடப் போடாமல், சமையல் மேடையில் சாய்ந்து நின்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பார். ஒரு கொய்யாவை நறுக்கித் தின்னக்கூட தெம்பில்லை என்பார். ஆஸ்பத்திரிக்கு அலைந்தபோது வீடு நிறைய ஆள் இருந்தது. முடிந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ‘திரும்ப வந்துடுமோ’ என்ற பயம் மட்டும் இவரோடு தங்கிவிட்டது.

செக்கப்பின்போது இதைச் சொன்னேன். மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். கடந்த இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா என்று ஒன்பது கேள்விகள். மனச்சோர்வு நோய் என்றார். புற்றுநோய் வந்தவர்களுக்கு இது சகஜமாம். மனம் சோர்ந்து கிடக்கும்போது கடைக்குப் போவது, நறுக்குவது, சமைப்பது எல்லாமே மலைப்பாக இருக்கும். கைக்குச் சட்டென்று எட்டுகிற இனிப்பும் பேக்கரிச் சாமானும்தான் வாய்க்குள் போகும். கவுன்சலிங், மாத்திரை இரண்டுமே கொடுத்தார்கள். மாத்திரை பிடிக்கவே சில வாரம் ஆயிற்று. அப்புறம் ஒருநாள் வாசலில் கீரைக்காரம்மாவை இவரே நிறுத்தி முருங்கைக்கீரை வாங்கினார். உட்கார்ந்து ஆய்ந்தும் கொடுத்தார்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இப்போது சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் நடக்கிறோம்.

அதனால் கோமதி, தட்டைப் பார்த்து அதட்டாதே. முதலில் அக்காவின் மனசுக்கு வைத்தியம் பார். முக்கியமாக ஒன்று: புற்றுநோய் திரும்ப வராமலிருக்க அவர் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுவதை மனநல டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடு. பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் அதன் வேலையைக் குறைத்துவிடலாம். வேறு மாத்திரைகள் இருக்கின்றன, அவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள். நீயாக எதையும் நிறுத்திவிடாதே. அவசரமாக யாரிடமாவது பேசணும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இங்கே அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் புற்றுநோய் வந்தவர்களின் மனசைப் பார்க்கவென்றே சைக்கோ ஆன்காலஜி பிரிவும் இருக்கிறது.

அடுத்த செக்கப்புக்குச் சென்னைக்கு வரும்போது ஓட்டலில் ரூம் போடாதே, நேரே நம் வீட்டுக்கு வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. இவரும் அக்காவிடம் பேசணும் என்கிறார். தேதி முடிவானதும் போன் பண்ணு.

அன்புடன்,
வசந்தா