விளக்கு எரியும்வரை உட்காரச் சொன்னவருக்கு

தாணே, 2025 ஜனவரி 5

அன்புள்ள எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

சின்னவன் பக்கத்து அறையில் அண்ணனோடு ரிமோட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். இந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக ஒரு மாதத்துக்கு முன் நான் என்னென்ன பொருத்தனை பண்ணினேன் என்பது கர்த்தருக்கும், ஐசியு வாசலில் கிடந்த அந்த நீல நாற்காலிக்கும் தெரியும். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எழுதக் கை வரவில்லை.

ரத்தம் கொடுத்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கும், ராத்திரி ஒரு மணிக்கும் முகம் சுளிக்காமல் வந்து நின்ற ஆட்டோக்காரருக்கும், பெரியவனைப் பத்தொன்பது நாள் தங்கள் பிள்ளையாக வைத்துப் பரீட்சைக்கும் அனுப்பிவிட்ட மூன்றாம் மாடி மராத்தி வீட்டாருக்கும், லீவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத இவருடைய மேலாளருக்கும், முறை போட்டுச் சோறு அனுப்பிய மாதர் சங்கத்து அக்காமாருக்கும், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் உபவாசம் இருந்த சித்திக்கும் எங்கள் நன்றி. கேரல் பிள்ளைகள் டிசம்பர் 24ஆம் தேதி ராத்திரி டிரம் அடிக்காமல், வாசலில் மெதுவாக ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். அதையும் மறக்கமாட்டேன். ஒவ்வொருவரையும் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் இந்த மடலில் பாதிக்கு மேல் ஒருவரைப் பற்றித்தான் இருக்கப்போகிறது. அதை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

எதிர் வீட்டு மாவ்ஷியைப் படிக்கட்டில் பார்த்திருப்பீர்கள். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி, அப்படித்தான் கூப்பிடுவோம். மராத்தி பேசுகிற யூதர், பெனே இஸ்ரேல் என்ற சமூகம். 1879இல் கட்டிய ஷார் ஹஷமாயிம் ஜெப ஆலயம் இந்தத் தாணேயில்தானே இருக்கிறது, அந்தச் சபையைச் சேர்ந்தவர். பிள்ளைகள் இஸ்ரேலில் அஷ்தோதில் குடியேறிவிட்டார்கள். இங்கே அவர் தனி ஆள். போன வருஷம் முழுக்க அவருக்கும் ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணங்கள் இருந்தன. அதை அவர் எங்களிடம் இறக்கிவைத்ததே இல்லை.

23ஆம் தேதி வீடு திரும்பினோம். பத்தொன்பது நாள் பூட்டிக் கிடந்த வீடு. பால்கனிச் செடி பாதி காய்ந்திருந்தது. வெள்ளை அடிக்கவில்லை, நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரம் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று காலை இவரும் பெரியவனும் ஆராதனைக்குப் போனார்கள். நான் துணி துவைத்தேன். ஆஸ்பத்திரி வாடை எதிலிருந்தும் போகவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். சுவர், திரைச்சீலை, தலையணை உறை என்று துடைத்துக்கொண்டும் ஊறவைத்துக்கொண்டும் இருந்தேன். அத்தை இரண்டு முறை நிறுத்தச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. உட்கார்ந்தால் அந்த நாற்காலி ஞாபகம் வரும்.

சாயங்காலம் ஆறரை இருக்கும். மாவ்ஷி ஒரு தட்டோடு வந்தார். தட்டில் ஒன்பது சின்னக் கண்ணாடிக் குவளைகள். இரண்டில் மட்டும் தேங்காயெண்ணெயும் பஞ்சுத் திரியும். யூதர்களின் எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் முதல் இரவு இந்த முறை டிசம்பர் 25 அன்றே வந்துவிட்டதாம். தன் வீட்டில் ஏற்றிவிட்டு, எங்களுக்கும் கொண்டுவந்திருந்தார். வாசல் பக்கத்து ஜன்னலில் வைத்து ஏற்றினார். "ஆசீர்வாத வார்த்தைகளை என் வீட்டில் சொல்லிவிட்டேன். இங்கே உங்கள் ஜெபத்தை நீங்கள் பண்ணுங்கள்" என்றார். பிறகு ஈரக் கையோடு நின்ற என்னைப் பார்த்து, "பஸ்" என்றார்.

எங்கள் வீட்டில் இந்தியும் மராத்தியும் கலந்துதான் ஓடும். இந்தியில் 'பஸ்' என்றால் போதும். மராத்தியில் 'பஸ்' என்றால் உட்கார். அவர் எந்தப் பாஷையில் சொன்னார் என்று தெரியவில்லை. இரண்டும் சரியாகத்தான் இருந்தது. விளக்கு எரிகிற நேரத்தில் வீட்டுப் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். இந்தப் பண்டிகை நினைவுகூருகிற மீட்பில் பெண்களுக்கும் பங்குண்டு என்பதால் வந்த மரியாதை. குறைந்தது அரை மணி நேரம். வாளியை என் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, அவரும் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் பேசவில்லை, எதுவும் விசாரிக்கவில்லை. ஆறுதல் வசனம்கூட இல்லை. டிசம்பர் 4ஆம் தேதிக்குப் பிறகு நான் அன்றைக்குத்தான் அழுதேன். திரி அணைந்ததும் எழுந்து, "நாளைக்கு மூன்று குவளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவுதான் அவர் செய்தது. எட்டு நாள் செய்தார்.

அத்தைக்கு முதல் நாள் கொஞ்சம் சங்கடம். "திரி, எண்ணெய் எல்லாம் வச்சு... இது எந்தச் சாமிக்கு?" என்று என் காதில் கேட்டார்கள். பண்டிகையின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மாவ்ஷியிடம் கேட்டுச் சொன்னேன். பிரதிஷ்டை. அவ்வளவுதான், நாசரேத்து ஓய்வுநாள் பள்ளியில் படித்த அத்தை மனப்பாடமாக எடுத்துவிட்டார்கள். யோவான் 10:22. "பின்பு எருசலேமிலே தேவாலயப் பிரதிஷ்டைபண்டிகை வந்தது, மாரிகாலமுமாயிருந்தது." அடுத்த வசனத்தில் இயேசு சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவிக்கொண்டிருக்கிறார். "ஏட்டி, ஆண்டவரே இந்தப் பண்டிகைக்குப் போயிருக்காரே!" மறுநாளிலிருந்து திரி திரிப்பது அத்தையின் வேலை. மூன்றாம் நாள் அந்த வெளிச்சத்தில் வேதம் வாசிக்கப் புறப்பட்டவர்களை மாவ்ஷி தடுத்துவிட்டார். அந்த விளக்குகளைப் பார்க்க மட்டுந்தான் செய்யலாம், அவற்றை வைத்து வேலை வாங்கக்கூடாது. வேலைக்கென்று இருப்பது ஒன்பதாவது விளக்கு, ஷமாஷ். மற்றதை எல்லாம் ஏற்றிவிட்டுத் தள்ளி நிற்கும். ஜெப ஆலயத்துப் பணியாளுக்கும் அதே பெயர்தானாம். "நம்ம ஊர் கோயில்குட்டியார்" என்று அத்தை ஒரே சொல்லில் முடித்தார்கள்.

அந்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் யூதருடைய ஓய்வுநாள் பிறந்துவிட்டால் நெருப்பைத் தொடக்கூடாது என்று சூரியன் இறங்குவதற்கு முன்பே ஓடி வந்தார். சனிக்கிழமை வானத்தில் நட்சத்திரம் வந்த பிறகுதான் வந்தார். ஒரு நாளும் தவறவில்லை.

முதல் நாளே எட்டையும் ஏற்றினால் என்ன என்று சின்னவன் கட்டிலில் இருந்தபடி கேட்டான். பழைய காலத்து யூத வேத ஆசான்களான ரபீக்களிடம் அதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. ஷம்மாய் வழியினர் எட்டில் தொடங்கி நாளுக்கு ஒன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். ஹில்லேல் வழியினர் ஒன்றில் தொடங்கிக் கூட்டச் சொன்னார்கள். பரிசுத்த காரியத்தில் ஏறலாம், இறங்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். ஹில்லேல் வழிதான் நிலைத்தது. சின்னவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கட்டிலிலிருந்து ஜன்னல் பதினான்கு அடி. எட்டாவது நாள், ஜனவரி முதல் தேதி, ஷமாஷைக் கையில் பிடித்து ஏற்றியது அவன். இடையில் ஒரு நாள் காய்ச்சல் வந்து நடக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதைக்காக எதையும் கூட்டவில்லை.

இந்தப் பண்டிகை வந்த கதையைச் சொல்லுகிற மக்கபேயர் நூல் எங்கள் வேதாகமத்தில் இல்லை. மேல்மாடி ரோமன் கத்தோலிக்க அக்காவிடம் இரவல் வாங்கி வாசித்தேன். சீரியாவை ஆண்ட அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். மூன்று வருஷம் கழித்து, கி.மு. 164இல் யூதா மக்கபேயின் ஆட்கள் அதை மீட்டார்கள். ஒரு நாளைக்கென்றிருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதைதான் எல்லோருக்கும் தெரியும். அது இந்த நூலில் கிடையாது, பிறகு வந்த ரபீக்களின் நூலான தல்மூதில் இருக்கிறது. இந்த நூலில் இருப்பது சுத்தம் பண்ணின கதை. கதவுகள் எரிந்து கிடக்கின்றன, முற்றத்தில் புதர் முளைத்திருக்கிறது. பார்த்ததும் முதலில் துணியைக் கிழித்துக்கொண்டு அழுகிறார்கள். பிறகுதான் வேலை. நான் வேலையை முதலில் எடுத்துக்கொண்டவள்.

அதில் ஒரு காரியம் என்னை விடவில்லை. தீட்டுப்பட்ட பலிபீடத்தை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. திரும்பப் பயன்படுத்த முடியாது. பரிசுத்தமாக இருந்த கல், எறியவும் மனம் வராது. இடித்து, கற்களை ஆலய மலையிலேயே ஒரு பக்கமாக அடுக்கி, ஒரு தீர்க்கதரிசி வந்து சொல்லும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் அலமாரிக்கு மேலே ஒரு பை இருக்கிறது. கையில் கட்டிய பெயர்ப்பட்டை, பில்கள், அவன் போட்டிருந்த சட்டை. இவர் எரித்துவிடலாம் என்கிறார். அத்தை சாட்சிக்காக வைத்திருக்கச் சொல்கிறார்கள். நான் மாவ்ஷியிடம் கேட்டேன். "எலியா வருவார், அவரைக் கேட்டுக்கொள்ளலாம்" என்று சிரித்தார். பை அங்கேயே இருக்கிறது. அதைத் தொடாமல் மற்ற வீட்டைத் துடைக்க முடிகிறது.

வீட்டை ஆயத்தப்படுத்துவது என்றால் எனக்கு இதுவரை பினாயிலும் புது ஸ்கிரீனும்தான். வருகைக் காலத்து நாலு ஞாயிறும் ஆயத்தம், ஆயத்தம் என்று பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து முறுக்கு மாவு பிசைவேன். வருஷக்கடைசி ஆராதனைக்கு நான் போகவில்லை. அன்று ஏழாவது விளக்கு. ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து 30ஆம் சங்கீதத்தை வாசித்தோம். வீட்டுப் பிரதிஷ்டைக்கென்று தலைப்பிட்ட சங்கீதம் அது. மாவ்ஷியும் ஹனுக்கா நாட்களில் அதைத்தான் சொல்கிறாராம், எபிரெயத்தில். "சாயங்காலத்தில் அழுகை தங்கும், விடியற்காலத்திலே களிப்புண்டாகும்." அத்தை 'தங்கும்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் சபை ஐயர் வந்து பிரதிஷ்டை பண்ணின ஜெபம் எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. அன்றைக்கு எத்தனை பேருக்குப் பிரியாணி சொன்னோம் என்பது ஞாபகமிருக்கிறது.

கிறிஸ்தவ வீட்டில் யூதப் பண்டிகை எதற்கு என்று சபையில் ஒருவர் இவரிடம் கேட்டிருக்கிறார். இதெல்லாம் நாம் கட்டாயம் ஆசரிக்கவேண்டிய பண்டிகைகள் என்று இன்னொருவர் வீடியோ அனுப்பியிருக்கிறார். இருவருக்கும் ஒரே பதில். நாங்கள் எதற்கும் மாறவில்லை, யாருடைய பண்டிகையையும் எங்களுடையது என்று எடுத்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்து வீட்டு விளக்கு எங்கள் ஜன்னலுக்கு வந்தது, உட்கார்ந்தோம். இது பற்றி மாவ்ஷி சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. அவர்கள் முன்னோர் இந்தச் சம்பவத்துக்கு முன்பே கப்பலேறி, கொங்கண் கரையில் நவ்காவில் கப்பல் உடைந்து கரை சேர்ந்தவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ஊரார் 'சனிவார் தேலி' என்று பெயர் வைத்தார்கள். தேலி என்றால் வாணியர். ஆனால் எண்ணெய் ஆட்டிய அந்த ஜனத்துக்கு இந்த எண்ணெய்ப் பண்டிகை தெரியாது. வெகு காலம் கழித்து வெளியிலிருந்து வந்தவர்கள், கொச்சி யூதர்களும்தான், கற்றுக்கொடுத்தார்கள். "நாங்களே பிறர் சொல்லிக் கற்றதுதான். நீங்கள் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்றார்.

விளக்கு முடிந்த பிறகும் அந்த அரை மணி நேரம் எங்கள் வீட்டில் தொடரவேண்டும் என்று கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனை பண்ணியிருக்கிறேன். சாயங்காலம் ஆறரைக்கு அடுப்பு அணைந்திருக்கும், போன் அலமாரியில் இருக்கும், குடும்ப ஜெபத்துக்கு முன் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். நேற்று மூன்றாவது நாளே தவறிவிட்டது, குக்கர் விசில் வரட்டும் என்று நின்றுவிட்டேன். இன்று உட்கார்ந்தேன். இந்த வருஷம் ஹனுக்கா டிசம்பர் 14 சாயங்காலம் தொடங்குகிறது. நாட்காட்டியில் குறித்தாகிவிட்டது.

மாவ்ஷியும் ஒரு நேர்ச்சை நேர்ந்திருந்தாராம், எங்களிடம் சொல்லாமல். வருகிற 12ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டில் மலீதா. அவலில் தேங்காயும் சர்க்கரையும் சேர்த்து, பழங்கள் சுற்றி வைத்து, எலியா தீர்க்கதரிசியின் பாட்டுப் பாடி நன்றி செலுத்துவது அவர்கள் முறை. அதற்குப் பிறகு அலிபாக் பக்கத்துக் கண்டாளாவுக்கு அவரோடு போகிறோம். லோனாவாலா பக்கத்தில் இருப்பது வேறு. எலியா ரதத்தோடு ஏறிய அடையாளம் பாறையில் இருப்பதாக அவர்கள் சொல்கிற ஊர் இது. சின்னவன் நடந்தே வருவேன் என்கிறான். படகு வரைக்கும் வண்டிதான் என்று சொல்லியிருக்கிறேன்.

மாதர் சங்கத்து அக்காமாரே, எங்கள் அடுக்களையில் உங்கள் பாத்திரங்கள் பதினொன்று இருக்கின்றன. ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி, மூடி இல்லாத எவர்சில்வர் டப்பா, பச்சை மூடி போட்ட இரண்டு. மற்றதில் பெயர் வெட்டியிருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது என்று அத்தை கட்டளை. அதனால் 12ஆம் தேதி ராத்திரி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். மாவ்ஷி ஐந்து கிலோ அவல் வாங்கி வைத்திருக்கிறார்.