மாலையில் தட்டுகள் காலியாக இருந்தால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதல் எங்கள் கடையின் காய்கறி, பழத் தட்டுகளை மாலையில் மறுபடி நிரப்பப் போவதில்லை. கடை மூடும் நேரத்தில் சில தட்டுகள் காலியாகவே கிடக்கும். வியாபாரம் நொடித்துவிட்டதோ என்று எண்ண வேண்டாம்; வேண்டுமென்றேதான் செய்கிறோம்.

குவிந்து கிடக்கும் தட்டை நோக்கித்தான் கை நீளும். நாலைந்து பழங்கள் மட்டும் இருந்தால், எல்லோரும் கழித்துப்போட்ட மிச்சம் என்று தோன்றிவிடும், அவை எவ்வளவு நன்றாக இருந்தாலும். அதனால்தான் விற்காது என்று தெரிந்தும் கடைக்காரர்கள் அடுக்கிவைக்கிறோம். வாங்குபவரின் தயக்கமும் விற்பவரின் பயமும் சேர்ந்து இரவில் குப்பைக் கூடையை நிரப்புகின்றன. அழுத்திப் பார்க்கும் பழக்கமும் இப்படித்தான். ஒருவர் அழுத்தினால் தக்காளிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பலர் அழுத்தியபின் அது கன்றிவிடும். அடுத்து வருபவர் ஒதுக்கிவிடுவார். பால் பாக்கெட்டைப் பின்வரிசையிலிருந்து உருவுவதும் உண்டு. இன்றிரவே காய்ச்சப்போகும் பாலுக்குக் கூடுதலாக இரண்டு நாள் ஆயுள் எதற்கோ!

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகெங்கும் வீணான உணவு சுமார் 105 கோடி டன் (தோல், கொட்டை போன்றவையும் இதில் சேர்த்தி). வீடுகளின் பங்கு 60 சதவீதம், உணவகம் போன்ற இடங்களின் பங்கு 28, கடைகளின் பங்கு 12. வயலிலிருந்து கடைக்கு வருவதற்குள் இழப்பது தனிக் கணக்கு. பன்னிரண்டுதானே என்று நாங்கள் கைகழுவ முடியாது. வீட்டில் அழுகுவதில் ஒரு பகுதி, கடைகள் உங்கள் தலையில் கட்டியது. ஆகவே கெட்டுப்போகும் பொருள்களுக்கு ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ இனி கிடையாது. தள்ளுபடி உண்டு, அது ஒன்றை மட்டும் வாங்கினாலும் கிடைக்கும்.

வீடுகளில் நடப்பதற்குச் சோம்பலைவிட நல்லெண்ணமே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. விருந்தினர் வந்தால் ‘போதவில்லை’ என்ற பேச்சு எழக்கூடாது என்று ஒரு பங்கு கூடுதலாகச் சமைக்கிறோம். மிஞ்சியதை உடனே கொட்ட மனம் வராது. மூடி ஃபிரிட்ஜில் வைக்கிறோம். சில நாள் கழித்து, கெட்டுவிட்டது என்ற நியாயத்தோடு நிம்மதியாகக் கொட்டுகிறோம். பல வீடுகளில் ஃபிரிட்ஜ், குப்பைக்குப் போகும் வழியில் உள்ள காத்திருப்பு அறை. மிச்சத்தைக் கண்ணில் படும்படி முன்னால் வையுங்கள். கீரையைக் கழுவி ஈரத்தோடு வைக்காதீர்கள். ஆப்பிளும் வாழைப்பழமும் வெளிவிடும் எத்திலீன் வாயு அருகிலுள்ள காய்களை விரைவில் பழுக்கவும் வாடவும் செய்யும், தள்ளி வையுங்கள்.

பாக்கெட்டில் உள்ள தேதியைப் பற்றித்தான் அடிக்கடி கேட்கிறீர்கள். ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்பது சுவை, மொறுமொறுப்பு பற்றியது. சரியாக மூடி வைத்திருந்த பிஸ்கட் மறுநாளே நஞ்சாகிவிடாது. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பு பற்றியது. அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள், மோந்து பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். நோய்க்கிருமிகள் வாசனையை மாற்றியே தீர வேண்டும் என்பதில்லை.

ஒரே ஒரு கேரட் வேண்டுமென்றாலும் கூச்சப்படாமல் எடுத்து வாருங்கள்; எடை போடுபவர் முகம் சுளிக்கமாட்டார். மாலையில் கட்டாயம் தேவைப்படுவதைக் காலையிலேயே சொல்லிவிட்டால், உங்கள் பெயர் எழுதித் தனியாக எடுத்துவைக்கிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்