பொடி எழுத்தில் அச்சான பெயர்கள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள கூட்டாளிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமையோடு கணக்கு முடிந்தது. 15 வாரம், 15 ஆல்பம். 1967-ல் வந்த ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ தொடங்கி 2014-ல் வந்த ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ வரை, பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ஸ்டுடியோ ஆல்பங்கள் அத்தனையையும் வரிசை குலையாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டோம். கடைசி நாள் நன்றி சொல்ல எழுந்தவன், தொண்டை சரியில்லை என்று சமாளித்து உட்கார்ந்துவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உங்களில் மூன்று பேர் பெயர் போடவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். மூவரை விட்டு மற்றவர்களை மட்டும் போட்டால் பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறிய கதையாகிவிடும். ஆகவே யார் பெயரும் இல்லை. ரெக்கார்டு அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் பற்றியே 15 வாரமும் பேசித் தீர்த்தவன் பெயரே இல்லாத நன்றி மடல் எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில், இசைத்தட்டுகள் தந்த ஐயாவுக்கு. 11 தட்டுகளைத் துணிப்பையில் போட்டு, எண்ணிக்கூடப் பார்க்காமல் என் கையில் கொடுத்தீர்கள். விளிம்பைப் பிடி, வரியில் விரல் படக் கூடாது என்ற ஒரே நிபந்தனைதான். ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ அட்டையைக் கையில் வாங்கிய எல்லோருமே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பசு நின்று திரும்பிப் பார்க்கிறது. முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. அட்டையை வடிவமைத்த ‘ஹிப்னாசிஸ்’ நிறுவனத்தாரின் துணிச்சல் அது. பெயரே போடாத அந்த ஆல்பம்தான் 1970-ல் குழுவுக்குப் பிரிட்டனில் முதன்முதலாக முதலிடம் வாங்கிக் கொடுத்தது. பசுவின் ராசி என்றீர்கள் நீங்கள். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

அடுத்து, சுவரில் சார்ட் ஒட்டிய தங்கைக்கு. பழுப்புக் காகிதத்தில் இடப்பக்கம் பிரிட்டன், வலப்பக்கம் அமெரிக்கா என்று கோடு போட்டு, வாராவாரம் அந்தந்த ஆல்பம் தரவரிசையில் எட்டிய இடத்தைச் சிவப்பு மையில் எழுதிவைத்தாய். ஆரம்பத்தில் அதைப் பள்ளிக்கூட வேலை என்று கேலி செய்தேன். ஐந்தாறு வாரம் போனதும் அந்தக் காகிதம் தானாகவே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டது. இடப்பக்கத்தில் 6, 9, 9, 5, 1, 3, 6. சொந்த நாட்டில் முதல் ஆல்பத்திலிருந்தே பத்துக்குள்தான் இருந்திருக்கிறார்கள். வலப்பக்கத்தில் ‘மெடில்’ (1971) 70-ஆவது இடம், ‘அப்ஸ்க்யூர்ட் பை க்ளவுட்ஸ்’ (1972) 46-ஆவது இடம். அதற்கு அடுத்த வாரம், ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) பக்கத்தில், 1 என்று எழுதிவிட்டு நீ கேட்டாய்: “அண்ணே, நடுவுல என்ன நடந்துச்சு?”

அந்தக் கேள்விக்குத்தான் மிச்ச வாரங்கள் முழுவதும் பதில் தேடினோம். பாட்டு நன்றாக இருந்தது, அதனால் விற்றது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் 23 நிமிடம் ஓடும் ‘எக்கோஸ்’ மட்டும் நன்றாக இல்லையா? அது இருக்கும் ‘மெடில்’ அங்கே 70-ஐத் தாண்டவில்லையே.

பதிலில் ஒரு பாதி பாஸ்கர் மேனன். அந்தப் பெயரை நான் சொன்னதும் அறை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? 1934-ல் திருவனந்தபுரத்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். இந்தியாவில் ஈஎம்ஐ இசை நிறுவனத்தின் கிராமஃபோன் கம்பெனியை நடத்திவிட்டு, 1971-ல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸுக்குத் தலைமை ஏற்றார். அமெரிக்காவில் தங்கள் ரெக்கார்டுகளை விற்க கேப்பிட்டல் போதிய அக்கறை எடுக்கவில்லை என்று குழுவுக்கு மனக்குறை. ‘டார்க் சைட்’ ஆல்பத்தோடு ஒப்பந்தம் முடிந்ததும் கொலம்பியா ரெக்கார்ட்ஸுக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். கிளம்பப் போகிறவர்களுக்கு எந்த முதலாளியும் கட்டுச்சோறு கட்டிக் கொடுக்க மாட்டான். மேனன் கட்டிக் கொடுத்தார். விளம்பரத்துக்கும் வானொலிக்கும் ஆளையும் பணத்தையும் இறக்கினார். பிரிட்டனில் 1968-க்குப் பிறகு சிங்கிளே (தனிப்பாட்டுத் தட்டே) வெளியிடாமல் இருந்த குழுவின் ‘மனி’ பாட்டு அமெரிக்காவில் சிங்கிளாக வந்து 13-ஆவது இடம் வரை ஏறியது. குழு சொன்னபடியே கொலம்பியாவுக்குப் போயிற்று. ‘டார்க் சைட்’ பலன் கேப்பிட்டலோடு தங்கிவிட்டது.

இந்த இடத்தில் பின்வரிசை நண்பருக்கு ஒரு நன்றி, கொஞ்சம் கூச்சத்தோடு. அந்த ஆல்பம் அமெரிக்காவில் மாதக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது என்று நான் அடித்துவிட்டேன். நீங்கள் கையைத் தூக்கி, “ஒரே ஒரு வாரம்தான் சார்” என்றீர்கள். வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன். ஒரே வாரம்தான், 1973 ஏப்ரல் கடைசியில். பிரிட்டனில் அந்த ஒரு வாரம்கூட இல்லை, இரண்டாமிடத்தோடு நின்றது. அதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: 1973-க்கும் 1988-க்கும் நடுவே அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகையின் 200 ஆல்பங்கள் பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்திருக்கிறது. உச்சியில் ஏறி நிற்பதைவிட இறங்காமல் இருப்பதுதான் அதன் சாமர்த்தியம். நீங்கள் கை தூக்காமல் இருந்திருந்தால் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தே இருக்காது.

பதிலின் மறு பாதிக்கு டேப் ரெக்கார்டரோடு வந்த ஒலிப்பொறியாளர் நண்பரிடம்தான் போக வேண்டும். ஸ்பூல் டேப் ஓடும் பழைய எந்திரம், தூக்க இரண்டு ஆள். ‘மனி’யின் தொடக்கத்தில் சில்லறை குலுங்கி, காகிதம் கிழிந்து, கல்லாப் பெட்டி திறந்து மூடுகிறதே, அதை நாங்கள் ஏதோ எந்திர வித்தை என்றுதான் நினைத்திருந்தோம். நீங்கள் நாடாவை ஸ்கேல் வைத்து ஏழு சம துண்டாக அளந்து, பிளேடால் நறுக்கி, ஒட்டி, வளையமாக்கி, அது தொய்யாமல் இருக்க என்னை ஒரு பேனாவோடு ஓரத்தில் நிற்க வைத்தீர்கள். மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை ஏழு சத்தமும் சுற்றிச் சுற்றி வந்தபோது குழந்தைகள் கைதட்டினார்கள், பெரியவர்களும்தான். 1972-ல் லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் அவர்கள் அளந்ததும் இப்படித்தான், ஸ்கேலை வைத்து. கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அலறும் ‘டைம்’ பாட்டின் தொடக்கம், ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் வேறொரு சோதனைக்காக ஒரு கடிகாரக் கடையில் பதிவுசெய்து வைத்திருந்தது. அன்று அது ஒலித்ததும் என்ன ஆயிற்றோ ஏதோ என்று படியிறங்கி ஓடிவந்த மேல்வீட்டு அம்மாவுக்கும் இங்கேயே மன்னிப்பையும் நன்றியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வந்தவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

‘மனி’யின் அந்த ஏழு எண்ணிக்கையைத் தொடையில் தட்டிக் காட்டிய மிருதங்கக்காரருக்கு என்ன சொல்ல? “இது மிஸ்ர சாபுய்யா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். தகிட தகதிமி போட்டுக்கொண்டே வந்து, கில்மோரின் கிட்டார் தனியாவர்த்தனம் தொடங்கும் இடத்தில் சட்டென்று கையை நிறுத்தி, “நாலுக்கு மாறிட்டான்” என்றீர்கள். மேற்கத்திய இசை பற்றி நான் படித்துவைத்திருந்த பத்திப் பத்தியான விளக்கமெல்லாம் அந்த ஒரு கையசைவுக்கு முன்னால் நிற்கவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் என் கை தொடைக்குப் போய்விடுகிறது.

அந்த ஆல்பத்தில் எங்களை ரொம்ப நேரம் உட்கார வைத்தவர், ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டைப் பாடிய கிளேர் டோரி. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார்கள். வார்த்தை எதுவும் கிடையாது, குரல் மட்டும். சாவைப் பற்றிய பாட்டு என்று ஒரு கோடி காட்டினார்கள், அவ்வளவுதான். பாடிவிட்டு, 30 பவுண்டு சம்பளம் வாங்கிக்கொண்டு, இதை எங்கே பயன்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்தபடியே வீட்டுக்குப் போனார். 2004-ல் வழக்குப் போட்டார். 2005-ல் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள். அதன் பிறகு வந்த பதிப்புகளில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் இசையமைப்பில் இருக்கிறது. 30 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, இரண்டு வார்த்தை அச்சாக. அன்று யாரும் பேசாமல் இருந்தபோது, “இவ்வளவு நாள் ஏன் கேக்கல?” என்று கேட்டது மேல்வீட்டு அம்மாதான்.

ஆல்பத்தின் கடைசியில் கேட்கும் பேச்சுக் குரல் அபே ரோடு ஸ்டுடியோவின் வாயிற்காவலர் ஜெரி ஓட்ரிஸ்கல். அட்டையில் கேள்வி எழுதிக் கொடுத்து, கிடைத்த ஆளையெல்லாம் பிடித்துப் பதில் சொல்ல வைத்திருக்கிறார் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ். பால் மெக்கார்ட்னியிடமும் கேட்டார்கள், அது சேர்க்கப்படவில்லை. நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் இல்லை, முழுவதுமே இருட்டுத்தான் என்று காவலர் சொன்னது நின்றது. இதைக் கேட்டுவிட்டு நம் இடத்தின் காவலர் அண்ணன் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். 15 ஞாயிறும் ராத்திரி பத்தரை வரை கேட்டைப் பூட்டாமல் வைத்திருந்ததற்கு நன்றி அண்ணே.

‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975) வாரத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான, பிறகு மனம் குலைந்து 1968-ல் வெளியேறிய சிட் பாரெட், தன்னைப் பற்றிய பாட்டைக் கலவை செய்துகொண்டிருந்த நாளில் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றிருக்கிறார். தலைமுடியும் புருவமும் மழித்து, உடல் பெருத்து. முதலில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. இதைச் சொல்லி நிறுத்தியபோது விளக்கை அணைத்து, பாட்டு முடியும்வரை போடாமல் இருந்தவர் யாரென்று எனக்குத் தெரியும். நன்றி.

‘அனிமல்ஸ்’ (1977) வாரத்தில் ஆள் குறைவு. அட்டைப் படத்துக்காகப் பறக்கவிட்ட பன்றி பலூன் லண்டனின் பேட்டர்சி மின்நிலையத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு விமானப் பாதையில் பறந்து கென்ட் பக்கம் இறங்கிய கதையை வராதவர்களுக்கெல்லாம் நான் தனித்தனியாகச் சொல்லியாயிற்று.

‘தி வால்’ (1979) வாரத்துக்கு 12 பிள்ளைகளை அழைத்துவந்த டீச்சருக்கு. பணத்தை நிர்வகித்த முதலீட்டு நிறுவனம் கவிழ்ந்து, வரிக்குப் பயந்து பிரிட்டனைவிட்டே கிளம்பி, கையைக் கடித்துக்கொண்டு குழு செய்த ஆல்பம் அது. அதில் உலகமெல்லாம் பாடிய ‘அனதர் பிரிக் இன் தி வால்’ பாட்டுக்கு முதலில் ஒரே ஒரு சரணம்தான். தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் அந்தச் சரணத்தையே மறுபடி ஒட்டி நீட்டி, பிள்ளைகள் பாடட்டும் என்றார். லண்டனில் இருந்த ஒலிப்பொறியாளர் நிக் கிரிஃபித்ஸ், பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலிருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளியில் போய்க் கேட்க, இசை ஆசிரியர் ஆலன் ரென்ஷா 23 பிள்ளைகளை அழைத்துவந்தார். அதே குரல்களை அடுக்கடுக்காகப் பதிந்து பெரிய கூட்டமாக்கினார்கள். பாட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். ஆல்பம் அமெரிக்காவில் 15 வாரம் முதலிடம். பள்ளிக்குக் கிடைத்தது 1,000 பவுண்டு. நீங்கள் அழைத்துவந்த பிள்ளைகளில் ஒருத்தி, “அந்த 23 பேருக்கு?” என்று கேட்டாள். வளர்ந்த பிறகு, 2004-ல்தான் அவர்கள் உரிமைத்தொகை கேட்கக் கிளம்பினார்கள் என்றேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

ரிச்சர்ட் ரைட் கதையைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். ‘தி வால்’ வேலையின்போது குழுவிலிருந்து நீக்கி, அதன் மேடை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சிகள் நஷ்டம். மற்ற மூவருக்கும் கைப்பணம் போனது, சம்பளக்காரர் ஒருவருக்குத்தான் லாபம்.

அதன் பிறகான மூன்று ஆல்பங்களை, உள்ளபடி சொன்னால், நான் அவசர அவசரமாகத்தான் நடத்தினேன். 1985-ல் வாட்டர்ஸ் விலகியதும் என் ஈடுபாடும் கொஞ்சம் விலகிவிட்டது. ‘தி டிவிஷன் பெல்’ (1994) இரண்டு நாட்டிலும் முதலிடம் பிடித்தது என்று தங்கை சிவப்பு மையில் எழுதியபோதுதான் என் பாரபட்சம் எனக்கே உறைத்தது. கடைசி வாரம் சரியாக நடந்ததென்றால் அது என்னால் இல்லை. 2008-ல் இறந்துபோன ரைட் வாசித்து வைத்திருந்த மிச்சப் பதிவுகளிலிருந்துதான் ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ உருவானது என்று சொல்லி, கீபோர்டு வரும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்க வைத்த கல்லூரித் தம்பியால்.

ஐயா, தட்டுகள் பதினொன்றும் பத்திரம். ‘அனிமல்ஸ்’ அட்டையின் ஒரு மூலை மட்டும் லேசாக மடங்கிவிட்டது, மடக்கியது நான்தான். வரும் சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவருகிறேன். சுவர்க் காகிதத்தைச் சுருட்டி வைத்திருக்கிறேன், தங்கை வந்து வாங்கிக்கொள்ளட்டும். அதன் கீழ் ஓரத்தில் யாரோ பென்சிலில் சின்னதாக 17 பெயர் எழுதியிருக்கிறீர்கள். அழிக்கவில்லை.

அன்புடன்,
பேனாவோடு ஓரத்தில் நின்றவன்