அரை சென்ட் வழக்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கண்டேன். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். எனக்கு மட்டும் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது.

பழைய கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், ஆள் அசையும் இடமெல்லாம் கோடு கோடாகக் கிழிகிறது என்று புலம்பியிருந்தாய். இன்டர்லேஸ்டு வீடியோ அப்படித்தான். படத்தின் ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் அடுத்தது. நம் ஊர் டிவிக்கு நொடிக்கு 50 ஃபீல்டு. இரண்டுக்கும் நடுவே கை நகர்ந்துவிடுகிறதே!

வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. படத்தைச் சின்னக் கட்டங்களாக்கி, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்க்கும். அசையாத இடத்தை முழு ஃபிரேமாகவும், அசையும் இடத்தை ஃபீல்டாகப் பிரித்தும் சுருக்கும். இந்த வகை உத்திகளில் சில காப்புரிமைகள் மோட்டோரோலா கையில் இருந்தன. 2010 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கடிதம் போட்டார்கள்: விற்கும் பொருளின் விலையில் 2.25 சதவீதம் வேண்டும். 200 டாலர் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டி என்றால் நாலரை டாலர்!

பொதுத் தரத்தில் சேர்த்த காப்புரிமையை நியாயமான, பாரபட்சமில்லாத கட்டணத்துக்குத் தருவதாக மோட்டோரோலா முன்பே வாக்குக் கொடுத்திருந்தது. அதை மீறிவிட்டதாக மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவின் சியாட்டிலில் வழக்குப் போட்டது. நீதிபதி ஜேம்ஸ் ராபார்ட் 2013 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணம் பெட்டிக்கு 0.555 சென்ட். டாலர் இல்லை, சென்ட்! அந்தக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை இன்டர்லேஸ்டைச் சேர்ந்தவை. எக்ஸ்பாக்ஸின் மொத்தப் பயனில் அவற்றின் பங்கு சிறியது என்பது அவர் கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் ஜூரி, வாக்கை மீறியதற்காக மோட்டோரோலா 1.45 கோடி டாலர் தர வேண்டும் என்றது. ஜெர்மனியில் விற்பனைத் தடை வரும் என்று பயந்து மைக்ரோசாஃப்ட் தன் கிடங்கை நெதர்லாந்துக்கு மாற்றிய செலவுதான் அதில் பெரும்பகுதி.

மேல்முறையீட்டில்தான் எனக்குச் சுவாரஸ்யம். காப்புரிமை வழக்குகளுக்கென்றே அங்கே தனி மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு. மோட்டோரோலா அங்கேதான் போனது. அவர்களோ, இது ஒப்பந்த வழக்கு என்று ஒன்பதாவது வட்டாரம் என்ற பொது மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 2015 ஜூலையில் அந்த நீதிமன்றம் ராபார்ட் சொன்னதை அப்படியே உறுதி செய்தது. கட்டணத்தை ஜூரிதான் சொல்ல வேண்டும் என்ற வாதமும் எடுபடவில்லை. நீதிபதியே முடிவு செய்ய முன்பு மோட்டோரோலாவே சம்மதித்திருந்தது.

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் 1080i என்ற இன்டர்லேஸ்டு டிவி ஒளிபரப்பு இன்னும் உயிரோடு இருக்கும்போது, அதே உத்தியை டிவி பெட்டியை வைத்து அளந்திருந்தால் தொகை கூடியிருக்காதா? தொழில் தெரிந்தவன் நீதான் சொல்ல வேண்டும்.

கேசட்டுகளை டீஇன்டர்லேஸ் செய்யுமுன், அதாவது ஃபீல்டுகளை முழுப் படமாக்குமுன், ஃபீல்டு வரிசையைச் சரிபார். அது தலைகீழாக இருந்தால் படம் முன்னும் பின்னும் குலுங்கும். பொங்கலுக்கு வந்தால் இங்கேயே தங்கு.

அன்புடன்,
ரவி