முரளிக்கு: மூடாக்குப் போட அவசரப்படாதே

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் போடாதது தப்புதான், மன்னித்துவிடு. "குளிர்காலம் வருகிறது, வருகிற ஞாயிறு தோட்டத்துச் செடிகள் எல்லாவற்றையும் தரையோடு ஒட்ட வெட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடிவிடப் போகிறேன்" என்று நீ சொன்னதாகப் பாலு சொன்னான். கேட்டவுடன் எழுத உட்கார்ந்துவிட்டேன். வைக்கோலில் இப்போது கை வைக்காதேடா. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

மண்மேல் வைக்கோல் பரப்புகிற மூடாக்கைப் போர்வை என்று எடுத்துக்கொள்கிறாய். போர்வைக்குள் நம் உடம்புச் சூடு இருக்கிறது, செடிக்கு அது ஏது? மூடும்போது மண் எப்படி இருக்கிறதோ அந்த நிலையை மூடாக்கு பிடித்து வைக்கும். மண்ணில் சூடு இருக்கும்போதே மூடினால் செடி ஓய்வுக்குப் போகத் தாமதிக்கும், சில சமயம் இளந்தளிர்கூட விடும். அடுத்து வரும் கடும் உறைபனியில் தளிர் கருகும். எலிகளும் உள்ளே குடிவந்து அடித்தண்டுப் பட்டையைக் குளிர்காலம் முழுக்கக் கொறிக்கும். மேல்மண் உறைந்து கெட்டியான பிறகு 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் போடு. தண்டைச் சுற்றி நாலு விரற்கடை இடம் விட்டுப் போடு. தண்டோடு ஒட்டிக் கிடந்தால் ஈரம் தேங்கி அழுகும்.

குளிர்காலத்தில் சாகிற செடிகளில் பல, மண் பகலில் உருகி இரவில் திரும்ப உறைவதால்தான் சாகின்றன. மண்ணிலுள்ள நீர் உறையும்போது உப்பிச் செடியை மேலே தள்ளும். பத்து இருபது தடவை இப்படி நடந்தால் வேர் அறுந்து, பாதி வெளியே வந்து, காற்றில் காய்ந்துவிடும். இந்த வருடம் நட்டவைக்கும் ஸ்ட்ராபெர்ரி மாதிரி மேலோட்டமாக வேர்விடுபவைக்கும்தான் ஆபத்து அதிகம். உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருக்கத்தான் மூடாக்கு. இடையில் எதாவது மேலே எழும்பியிருந்தால், மண் இளகிய நாளில் உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி மறுபடி மூடு. காலால் மிதிக்காதே.

டேலியாப் பூச்செடியின் கிழங்கைத் தோண்டி எடுத்துக் குளிர்காலம் முழுக்க உள்ளே வைக்க வேண்டும், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். முதல் உறைபனியில் இலைகள் கருத்துத் தொங்கும்வரை காத்திரு. அதன்பின் தண்டை 10–15 செ.மீ. விட்டு வெட்டு. தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி நாலு பக்கமும் கார்டன் ஃபோர்க்கை இறக்கி, கொத்தாகத் தூக்கு. தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறியும். முளைக்கண் இருப்பது கிழங்கின் உடம்பில் இல்லை, தண்டோடு கழுத்து சேரும் இடத்தில், குண்டூசித் தலையளவு புடைப்பாக. கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது, தூக்கிப் போடு. இப்போது கண்கள் தெளிவாகத் தெரியாது. பிரிப்பதை வசந்தத்துக்கு வைத்துக்கொள்.

தண்டு உள்ளே குழலாக இருப்பதால் தண்ணீர் நிற்கும். சில நாள் தலைகீழாகக் கவிழ்த்து உறைபனி படாத இடத்தில் உலர்த்து. பிறகு லேசாக ஈரம் காட்டிய வெர்மிகுலைட்டிலோ (ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்) மரத்தூளிலோ புதைத்து, 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும் இருட்டில் வை. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், வியர்த்து அழுகிவிடும். மாதம் ஒரு தடவை தொட்டுப் பார். கொழகொழவென்று இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடு. சுருங்கியிருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளி. ஒவ்வொன்றிலும் ரகத்தின் பெயரை எழுதிக் கட்டு. வெள்ளைக்கும் சிவப்புக்கும் நீயும் வசந்தாவும் மறுபடி சண்டை போட வேண்டாம்.

ரோஜாவை இப்போது கவாத்து செய்யாதே. வெட்டினால் தளிர்க்கும், தளிர்த்தால் குளிரில் போகும். காற்றில் ஆடி வேரை அசைக்கிற நீளமான கிளைகளை மட்டும் இடுப்பளவுக்குக் குறை. தழைச்சத்து உரம் முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பே நின்றிருக்க வேண்டும். கடும் குளிர் வரும் இடத்தில் ஒட்டுப் போட்ட முடிச்சுதான் பலவீனம். நாலைந்து உறைபனி விழுந்த பிறகு அதன்மேல் 25 செ.மீ. உயரத்துக்கு மண்ணோ மட்கோ குவி. மண்ணை வேறிடத்திலிருந்து கொண்டுவா. செடியைச் சுற்றியே சுரண்டினால் வேர் வெளியே தெரியும். கரும்புள்ளி விழுந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி வெளியேற்று. மட்குக் குழியில் போட்டால் அடுத்த வருடம் நோய் திரும்பி வரும்.

எல்லாவற்றையும் மழித்துவிடவும் வேண்டாம். பியோனிப் பூச்செடியைத் தரையோடு வெட்டலாம், அழுகல் பூஞ்சை தண்டில் தங்கும். எக்கினேசியா, செடம் பூச்செடிகள் நிற்கட்டும்: விதை பறவைகளுக்கு, காய்ந்த தண்டு கூட்டமாக வாழாத தனித்தேனீக்களுக்கு. புல்வெளியில் கிடக்கும் நல்ல இலைகள்மேல் புல்வெட்டியை இரண்டு தடவை ஓட்டினால் தூளாகி அங்கேயே மட்கிவிடும். தடிமனாக விட்டால் அடியில் புல் மூச்சுமுட்டி மஞ்சளாகும்.

என்றும் பசுமையான செடிகளை மறந்துவிடாதே. குளிர்கால வெயிலிலும் காற்றிலும் இலை நீரை இழந்துகொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் உறிஞ்ச முடியாது. பழுப்படித்துச் சாகிறபோது குளிர் தாங்கவில்லை என்கிறோம், உண்மையில் அது தாகம். மண் உறையும்வரை வாரம் ஒருமுறை, 30 செ.மீ. ஆழம் நனையும்படி, மதியத்தில் தண்ணீர் விடு.

நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஈரத்தோடு வெளியே நிற்கும் மண்தொட்டிகள் வெடிப்பது அதனால்தான். கவிழ்த்து உள்ளே வை. வெளிக் குழாய்க்கு உள்ளிருக்கும் வால்வை மூடி, வெளித் திருகைத் திறந்தே விடு. ஹோஸைக் கழற்றி வடித்துச் சுருட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் பூண்டு நடு. பல் கூர்முனை மேலே, 5 செ.மீ. ஆழம், பல்லுக்குப் பல் ஒரு சாண் இடைவெளி. மண் உறைய இன்னும் நாலு வாரமாவது இருக்க வேண்டும், அதற்குள் வேர் பிடித்துவிடும்.

அங்கே முதல் உறைபனி என்றைக்கு விழுந்தது, டேலியா கருத்ததா என்று உடனே எழுது. நான் இனி தாமதிக்க மாட்டேன்.

அன்புடன்,
சேகர்