நூலகப் புத்தகங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஆணை வேண்டி: முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
நூலகப் பொறுப்பாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
முதன்மைக் கல்வி அலுவலகம்.

(தலைமையாசிரியர் வழியாக)

பொருள்: பள்ளி நூலகம் – மாணவர்களுக்குப் புத்தகம் வழங்குதல் – இயல்பான இழப்பையும் சேதத்தையும் பொறுப்பாசிரியரிடம் வசூலிக்காமல் பதிவேட்டிலிருந்து நீக்க ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளியில் தனி நூலகர் பணியிடம் இல்லை. தமிழாசிரியையான நான் ஏழு ஆண்டுகளாக நூலகத்தையும் சேர்த்துப் பார்த்துவருகிறேன். கூடுதல் பொறுப்புதான் என்றாலும் எனக்கு மனசுக்கு மிகவும் பிடித்த வேலை இது.

பொறுப்பு ஏற்ற அன்று, ஓய்வுபெறவிருந்த மூத்த ஆசிரியர் மூன்று பீரோக்களின் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். "யாருக்கும் வெளியே கொடுத்துடாதீங்கம்மா. கணக்கு குறைஞ்சா நம்ம கையிலிருந்துதான் போகும்" என்றார். இருப்புச் சரிபார்ப்பில் குறைந்த புத்தகங்களுக்குத் தன் சொந்தப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் அவர் ஓய்வுபெற முடிந்தது. நல்ல மனிதர், நிறையப் படிப்பவர். அவரையே அப்படிச் சொல்ல வைத்திருக்கிறது நம் நடைமுறை. முதல் ஓராண்டு நானும் பீரோவைப் பூட்டியேதான் வைத்திருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் துணிந்து திறந்தேன். முதலில் புத்தகங்களுக்குப் போட்டிருந்த காக்கி அட்டைகளைக் கழற்றினேன். அட்டைப்படம் தெரியாத புத்தகத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளை தொடுவதே இல்லை. புதிதாக வந்தவற்றை பெஞ்சின் மேல் முகம் தெரியப் பரப்பி வைத்தேன். நூலகப் பாடவேளையில் ஏதாவது ஒரு புதுப் புத்தகத்தின் முதல் இரண்டு பக்கங்களைச் சத்தமாக வாசிப்பேன். கதை சூடுபிடிக்கும் இடத்தில் மூடிவிடுவேன். "அப்புறம் என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்டால், "எடுத்துட்டுப் போய்ப் பாரு" என்பேன். அவ்வளவுதான் என் வித்தை. பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் திறக்காத பிள்ளைகள்கூட வரிசையில் நின்றார்கள். கால்பந்து, விண்வெளி, பேய்க்கதை, மீனவர் வாழ்க்கை, வரைகதை என்று அவர்கள் கேட்ட வகைகளை நான் முன்கூட்டி ஊகித்திருக்கவே முடியாது.

வழங்கல் பதிவேட்டின்படி சென்ற கல்வியாண்டில் 1,100 முறைக்கு மேல் புத்தகங்கள் வெளியே போயிருக்கின்றன. திரும்பி வராதவை நான்கு. நகலை இணைத்திருக்கிறேன்.

ஒரு மாணவனைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஒன்பதாம் வகுப்பு. ஐப்பசி மழையில் அவன் வீட்டுக் கூரை ஒழுகி, எடுத்துப் போன புத்தகம் நனைந்துவிட்டது. பயத்தில் இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து என் மேசையில் கவிழ்த்தான். எல்லாம் சில்லறை. எண்ணினால் 60 ரூபாய். புத்தகத்தின் விலை 120. "மீதியைப் பொங்கலுக்குள்ள குடுத்துடறேன் டீச்சர்" என்றான். காசை அவன் பையிலேயே போட்டு அனுப்பினேன். தாளுக்குத் தாள் செய்தித்தாளைச் செருகி, மின்விசிறிக்குக் கீழே வைத்து நானும் அவனும் புத்தகத்தை உலர்த்தினோம். உப்பிப்போனது உப்பினதுதான், அட்டை மூடாது. ஆனால் ஒரு எழுத்தும் அழியவில்லை. அதற்குப் பிறகு பதினொரு பேர் அதை எடுத்துப் படித்திருக்கிறார்கள். வரும் இருப்புச் சரிபார்ப்பில் அதே புத்தகம் "சேதம்" என்று என் பெயருக்கு எதிரே ஏறும்.

ஐயா, நாங்கள் கேட்பது புதிய சலுகை இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி எண் 215 நூலகப் புத்தகங்களைப் பற்றியது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைவதை, நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இல்லாத பட்சத்தில், இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அந்த விதி. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மாநில அரசுப் பள்ளிகளை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். ஆனால் நூலகம் என்றால் சில புத்தகங்கள் திரும்பாது என்பதை அரசு விதியே ஏற்றுக்கொள்கிறது என்றால், நம் பள்ளிகளுக்கும் அந்த நியாயம் பொருந்தும்தானே? எங்கள் கணக்கு அந்த வரம்புக்கு உள்ளேயே இருக்கிறது.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, "நூல்கள் பயன்பாட்டுக்கே" என்பது. ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததைச் சொல்லித்தான் அதை அவர் விளக்கத் தொடங்குகிறார். எங்கள் பீரோப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சங்கிலி நினைவுக்கு வரும்.

ஆகவே, ஆயிரத்துக்கு ஐந்து என்ற அளவுக்குள் தொலையும் புத்தகங்களையும், படித்துப் படித்தே கிழிந்தவற்றையும், தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் பார்த்துத் தீர்மானம் போட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், பொறுப்பாசிரியரிடமோ மாணவரிடமோ வசூலிக்கத் தேவையில்லை என்று மாவட்டப் பள்ளிகளுக்குத் தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். அதற்கு மேலிடத்து ஆணை தேவை என்றால், இம்மனுவைத் தங்கள் பரிந்துரையுடன் இயக்குநரகத்துக்கு அனுப்பி உதவுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் தேன்சிட்டு இதழ் வருகிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் அதுவும் நின்று, நூலகப் பாடவேளையும் தேர்வுக்குப் போய்விடுகிறது. வாசிப்பு பிடித்துக்கொள்கிற வயதில்தான் இப்படி அறுந்துபோகிறது. மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு மேல் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய், நூலக நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு அவர்களே புதிய புத்தகங்களைத் தேர்ந்தெடுக்க அனுமதி தந்தால் நன்றாக இருக்கும். தன் கையால் எடுத்த புத்தகத்தைப் பிள்ளை படிக்காமல் விடாது. நான் வாங்கி வைத்தவற்றில் எத்தனையோ தூசி படிந்து கிடக்கின்றன.

அடுத்த ஆண்டு மே மாதம் நான் ஓய்வுபெறுகிறேன். எனக்குப் பின் பொறுப்பேற்க ஓர் இளம் ஆசிரியை ஆர்வமாக இருக்கிறார். சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது தங்கள் ஆணையின் நகலையும் அவர் கையில் கொடுக்க விரும்புகிறேன். அதற்குள் ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூலகப் பொறுப்பாசிரியர்