2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் நம் நகர்க் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடி ஏற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாம் ஒன்று, மழைக்கு முன் கொசு மருந்து அடித்தது இரண்டு முறை. எரியாமல் கிடந்த தெருவிளக்குகளுக்கு மனு கொடுத்து எரிய வைத்தோம். செயற்குழு 12 முறை கூடியிருக்க வேண்டும், 9 முறைதான் கூடியது. மீதி மூன்று முறையும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. ஒரு முறை தலைவர், பொருளாளர், நான் என மூன்று பேர் மட்டும் எட்டரை மணி வரை காத்திருந்து, பதிவேட்டில் அதைக் குறித்துவிட்டு எழுந்தோம்.

இனி பூங்கா வேலி. இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வேலி விஷயத்தில் தெருவில் பல பேச்சு அடிபடுகிறது. 'ஒரே வேலைக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தார்கள்' என்று என் காதுபடவே சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

பூங்கா இடம் 120 அடிக்கு 90 அடி. கிழக்கே ஏற்கெனவே மதில் இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் திறந்தே கிடந்ததால் மாடும் பன்றியும் புகுந்து, நட்ட கன்று ஒன்றுகூடத் தங்கவில்லை. மதில் கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். செலவு பல மடங்கு ஆகும் என்பது ஒரு பக்கம். அதைவிட, கெடிலம் ஆற்றின் பக்கத்தில் இருக்கும் நமக்கு மழைத் தண்ணீர் வடிய வழி வேண்டும். உள்ளே விளையாடும் பிள்ளைகளும் தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனால் செயின் லிங்க் வேலி, அதாவது கம்பியைப் பின்னிச் செய்த வலை வேலி, என்று தீர்மானம் போட்டோம். மேற்குப் பக்கம் 90 அடி, தெற்குப் பக்கம் கேட்டுக்கு 10 அடி போக 110 அடி, ஆக 200 அடி முதல் கட்டம். ஐந்தடி உயரம், இரண்டங்குல வலைக்கண், 50 அடி ரோல் நான்கு.

ஜூலையில் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். மூன்று நாளில் வேலை முடிந்தது. முதல் நாள் 22 சிமெண்ட் கால்களை நட்டார்கள், மறுநாளே வலையை இழுத்துக் கட்டிவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நானே போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். ஆகஸ்ட் பாதிக்குள் வலை நடுவில் வயிறு தொங்கியது. தென்மேற்கு மூலைக்கால் பூங்கா உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அடிப்பக்கம் பன்றி மூக்கை நுழைத்துத் தூக்கிய இடத்தில் ஒரு சாண் இடைவெளி. ஒப்பந்தக்காரருக்கு ஆறு முறை போன் செய்தேன். முதல் இரண்டு முறை எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை.

இதில் என் தவறு ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. நாம் வாங்கிய கொட்டேஷனில் 'தரமான ஜிஐ வலை' (துத்தநாகம் பூசிய இரும்பு வலை) என்று மட்டும்தான் இருந்தது. கம்பி எத்தனை கேஜ் (தடிமன் எண், எண் கூடக் கூடக் கம்பி மெலியும்), கால் எத்தனை அடி ஆழம், மூலைக்கு முட்டு உண்டா என்று எதுவும் எழுதி வாங்கவில்லை. வாயால் 10 கேஜ் என்றார்கள். சாய்ந்த பிறகு தடிமன் அளக்கும் என் பழைய வெர்னியர் கருவியை எடுத்துப் போய் அளந்தேன். 10 கேஜ் என்றால் கம்பி தடிமன் 3.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருந்ததோ 2.64, அதாவது 12 கேஜ். எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரியும். குறுக்குவெட்டைக் கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு இரும்பு குறைவு. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நான், பில் போடுவதற்கு முன் அளந்திருக்க வேண்டும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நெடுநாளாக வேலி போடும் பெரியவர் ஒருவரை நம் மூன்றாம் குறுக்குத்தெரு உறுப்பினர் அழைத்து வந்தார். அவர் வலையைப் பார்க்கவே இல்லை. நேராக மூலைக்காலுக்குப் போய், இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார்.

"சார், ஆட்டினா ஆடுது பாருங்க. இத எத்தன அடி நட்டாங்க?"

கடப்பாரையால் தோண்டினோம். ஒன்றேகால் அடிதான். நம் மண் மேலே கொஞ்சம் களி, கீழே ஆற்று மணல். மணலில் ஒன்றேகால் அடி எந்த மூலைக்கு? ஏழடிக் காலுக்கு இரண்டடியாவது மண்ணுக்குள் போக வேண்டும், மூலைக்குழி மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் இருக்க வேண்டும் என்றார். அப்போதுதான் கான்கிரீட் கட்டி மேலே கிளம்பி வராது. கான்கிரீட் போட்டு ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆறப்போடாமல் வலையை இழுத்தால், இழுத்த இழுப்பெல்லாம் பச்சைக் கான்கிரீட்டில்தான் போய் விழும். மறுநாளே இழுத்தவர்கள் செய்தது அதுதான்.

நடுவில் உள்ள கால்களில் அதிகப் பாரம் இல்லை. வலையை நேராகப் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அவற்றின் வேலை. முழு இழுப்பையும் தாங்குவது இரண்டு முனைக்கால்கள். அதனால் வேலி ஓடும் திசையிலேயே, உள்பக்கத்திலிருந்து ஒரு சாய்வு முட்டு அந்தக் காலைத் தாங்க வேண்டும். மூலை என்றால் இரண்டு பக்கமும் இழுப்பு, ஆகவே இரண்டு முட்டு. நம் வேலியில் ஒரு முட்டுகூட இல்லை. மூலை, இரு முனை, கேட்டின் இரு பக்கம் என ஐந்து கால்களைப் பிடுங்கி மறுபடி நட்டு, ஆறு முட்டு கொடுத்தோம். வலை, இடைக்கால்கள் எல்லாம் பழையவையே. 'இரண்டு தடவை பணம்' என்று சொல்லப்படுவது இந்த ஐந்து குழிக்கும் ஆறு முட்டுக்கும் ஆன சிமெண்ட், ஜல்லி, பெரியவரின் நான்கு நாள் கூலி, வலையை இழுத்து முறுக்கும் ராட்செட் புல்லர் என்ற கருவி ஒன்று. மற்ற ஆள் வேலை முழுவதும் நாங்களே செய்தது.

அக்டோபர் முதல் ஞாயிறு வலையை இழுத்தோம். அன்று வந்தது ஏழு பேர், இரண்டு பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து. முதலில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று லைன் கம்பிகளை முனைக்கு முனை முறுக்கேற்றிக் கட்டினோம். கீழ்க்கம்பி இல்லாததால்தான் பன்றி வலையைத் தூக்கியது. அப்புறம் வலையின் ஒரு ஓரக் கண்களில் மேலிருந்து கீழாக ஓர் இரும்புப் பட்டையைக் கோத்து, காலின் ஓட்டைகள் வழியே போல்ட் போட்டு முடுக்கினோம். முன்பு கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் சுற்றி விட்டிருந்தார்கள். நாலு கம்பியில் முழு இழுப்பும் நிற்குமா? பட்டை கோத்தால் ஐந்தடி உயரத்திலும் இழுப்பு சமமாகப் பரவுகிறது.

மறுமுனைக்கு மூன்றடி முன்பாக இன்னொரு பட்டையைத் தற்காலிகமாகக் கோத்து, அதில் புல்லரின் கொக்கியை மாட்டினோம். புல்லரின் சங்கிலியை முனைக்காலில் சுற்றும்போது கால் உடையாமல் இருக்க அடியில் கோணிச் சாக்கு வைத்தார் பெரியவர். ராட்செட் ஒவ்வொரு பல்லாக ஏற ஏற, தொங்கிக் கிடந்த வலை தரையை விட்டு எழும்பியது. நான் இன்னும் நாலு பல் ஏற்றப் போனேன். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும் சார். கண்ண கையில பிடிச்சு அமுக்குங்க" என்றார். ஒரு கண்ணின் இரு பக்கக் கம்பிகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன். கால் அங்குலம் அசைந்து நின்றது. அதற்கு மேல் அசைந்தால் தொய்வு. அதற்கும் மேலே இழுத்தால் கண் நீளவாக்கில் நசுங்கும், வலையின் உயரமும் குறைந்து லைன் கம்பியை விட்டு இறங்கிவிடும். இதை எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து வரும் செயலாளருக்கு உதவும்.

இரண்டு ரோலை இணைப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். ஓரத்தில் ஒரே ஒரு கம்பியின் மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் பிளையரால் நிமிர்த்திவிட்டுச் சுழற்றினால், அது ஸ்பிரிங் போலத் தனியே கழன்று வருகிறது. இரண்டு ரோலின் ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து அதே கம்பியைத் திருகி இறக்கினால் ஒட்டுத் தெரியாமல் ஒரே வலையாகிவிடுகிறது. மிச்ச நீளத்தைக் குறைப்பதும் இதே வழிதான், வெட்டவே தேவையில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இரண்டாவது இணைப்பைத் தனியாகவே திருகி இறக்கினான். கடைசிச் சுற்று உள்ளே போனபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் படுத்துக்கொண்டிருந்தவர்கள் அதை இழந்துவிட்டார்கள்.

வெட்டுப்பட்ட முனைகளில் எல்லாம் துத்தநாக பெயிண்ட் அடித்தோம். கடல் காற்று நம்மை விடாது. துத்தநாகப் பூச்சு போன இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கிறது. தேவனாம்பட்டினம் பக்கம் போனால் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்து தென்பெண்ணை ஆற்றில் வெள்ளம் புரண்ட நாட்களில் நம் பூங்காவிலும் முழங்கால் அளவு தண்ணீர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் முள்கம்பி வேலியைச் சுருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவன் நான். அதனால் அந்த இரவு தூங்கவில்லை. காலையில் டார்ச்சோடு போனால் மறுபடி நட்ட ஐந்து கால்களும் நின்றன. வலை வழியே தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. தெற்கே இரண்டு இடைக்கால்கள் மட்டும் சாய்ந்திருந்தன. அந்த இடத்தில்தான் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டு விசேஷத்தின் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது, புயல் அறிவிப்பு வந்தும் யாரும் அவிழ்க்கவில்லை. வலைக்குள் காற்று புகுந்து போகும். பேனர் கட்டினால் அதுவே பாய்மரம் ஆகிவிடும். இனி பூங்கா வேலியில் பேனரோ பச்சை வலையோ கட்டக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவரும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், சந்தாவும் நன்கொடையும் சேர்ந்து வந்ததில் வேலி, மருந்து, விழாச் செலவு போக கையிருப்பு சொற்பம். ரசீதுகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சந்தா பற்றி மட்டும் நான் சொல்லியாக வேண்டும். மாதம் 100 ரூபாய், வருடத்துக்கு 1,200. மொத்தம் 84 வீடுகளில் முழுதும் கட்டியவை 51. பாதியோடு நிறுத்தியவை 14. ஒரு ரூபாய்கூடக் கட்டாதவை 19. நிலுவை 31,200 ரூபாய். கட்டாதவர்களில் வசதியில்லாதவர்கள் என்று இரண்டு வீடுதான் சொல்ல முடியும், அவர்களை யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் வீட்டுக்கு நானே மூன்று முறை போயிருக்கிறேன். 'வேலை நடக்கட்டும், அப்புறம் தருகிறோம்' என்றார்கள். வேலி நின்ற பிறகு போனால், 'அதுதான் முடிந்துவிட்டதே' என்கிறார்கள். மனம் வருந்தித்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பூங்காவில் அவர்கள் பேரப்பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், பொருளாளர், மழையிலும் வந்த அந்த ஏழு பேர், அன்று காலை இட்லி கொடுத்து அனுப்பிய இரண்டாம் தெருத் தாய்மார்கள், தண்ணீர்க் குழாய் கொடுத்துதவிய பூங்காவின் எதிர் வீட்டார், மாநகராட்சியின் நம் வார்டு துப்புரவுப் பணியாளர்கள்.

அடுத்த ஆண்டு வடக்குப் பக்கம் 120 அடி பாக்கி. அதுவரை மூன்று பக்க வேலியில் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும், மாடு அந்த வழியாகத்தான் வருகிறது. இந்த முறை 10 கேஜ், ஐ.எஸ். 2721 தரம் (செயின் லிங்க் வலைக்கான இந்தியத் தர அளவுகோல்), கால்கள் எட்டடிக்கு ஒன்று, இரண்டடி ஆழம், இரு முனையிலும் முட்டு, ஏழு நாள் ஆறப்போடுவது என்று எல்லாவற்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குவோம். வலை வந்து இறங்கும்போது வெர்னியரோடு நிற்பேன். மேலே சொன்ன நிலுவை வந்தால் கால், முட்டு, சிமெண்ட் செலவுக்கு வேறு எங்கும் கையேந்த வேண்டியதில்லை. வலைக்கு மட்டும் நன்கொடை கேட்போம். வராவிட்டால் வேலையைத் தொடங்குவதாக இல்லை. அரைகுறையாக ஒரு வேலியை மறுபடி நட்டு, மறுபடி பிடுங்க எனக்குத் தெம்பில்லை.

செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் முழு மனதோடு ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் வடக்குப் பக்கம் முடியும் வரை தொடரத் தயார். ஆனால் வலை இழுக்கும் நாளில் வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும். தெரியாது என்று தயங்க வேண்டாம், போன அக்டோபர் வரை எனக்கும் தெரியாது. வருகிற ஞாயிறு காலை 6 மணிக்குத் தெற்கு வேலியில் சாய்ந்த இரண்டு கால்களையும் நிமிர்த்துகிறோம். புல்லர் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு என் வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன். கடப்பாரை ஒன்று குறைகிறது, இருப்பவர்கள் கொண்டு வரவும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
கடலூர்